விடிவதற்குள் அக்கரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் நடத்திய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பை என் தலையில் கட்டியபோது, இந்த மனுசி பிள்ளைகளைக் கடித்துத் தின்றுவிடும் என்று பெற்றோர் சிலர் கதைத்தது என் காதிலும் விழுந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வார நாட்களில் குரோய்டன் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் எலெக்ட்ரோனிக் பலகைகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சனிக்கிழமை வந்தால் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில், ஏதோ ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுவேன்.

முதல் மாதம் ஒருவரும் ஒன்றும் படிக்கவில்லை. தமிழ் வகுப்பில் வாங்கிய ஏச்சுப் போதாதென்று என்னிடமும் வாங்க அவர்களுக்கு என்ன விதி? இடைவேளை விட்டால் மூலையிலிருந்த சிப்ஸ் கடைக்கு ஓடிவிடுவார்கள். ஒருநாள் காதைப் பிடித்து இழுத்து வரலாம் என்று நானும் போனேன். கடைக்குள் காசு போட்டு விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்று நின்றது. என் வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்காத பிள்ளைகள் அதன் முன்னால் மூச்சு விடாமல் நின்றார்கள். எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகுதான் புத்தி வந்தது. இதை விளையாடுவதற்கு இவ்வளவு பொறுமை இருக்கிற பிள்ளைகளுக்கு, இதைச் செய்வதற்கும் இருக்காதா என்று நினைத்தேன்.

அதே கடையில் பழுதாய்ப்போன பெட்டி ஒன்றும் இருந்தது. அதன் மேல் வினாகிரிப் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டேன். கொண்டுபோனால் புண்ணியம் என்றார் கடைக்காரர். அடுத்த சனிக்கிழமை அதைச் சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் படுக்கப்போட்டு, நான் முன்னால் வழிவிடச் சொல்லிக் கத்த, பிள்ளைகள் பின்னால் தள்ள, ஹை ஸ்ட்ரீட் வழியாகக் கொண்டுவந்து சேர்த்தோம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பின்பலகையைக் கழற்றி உள்ளே காட்டினேன். கையால் ஆட்டுகிற தடியின் அடியில் நாலு சின்ன சுவிட்சுகள்தான் இருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கத்து சுவிட்ச் அமுங்குகிறது. அவ்வளவுதான், வேறு மாயம் ஒன்றும் இல்லை. அந்த வயர்களைக் கழற்றி எங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம். பழைய டிவி ஒன்றை உள்ளே நிறுத்தினோம். ஈயத்தை உருக்கி வயரை ஒட்டுகிற பற்றாசு வைக்கப் பழக்கும்போது இரண்டு பேர் விரலைச் சுட்டுக்கொண்டார்கள். நானும் சுட்டுக்கொண்டேன், ஆனால் நான் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு விளையாட்டை அவரவரே எழுதவேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். எழுதுவதற்குக் கணக்குத் தேவைப்பட்டபோது கணக்குப் படித்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் விண்வெளிக்குப் போய்விட்டார்கள். சுடுவதும் வெடிப்பதுமாக ஒரே சத்தம். ஒருத்தி மட்டும் கடலுக்குப் போனாள். பதினைந்து வயதுப் பிள்ளை, அந்த வருடம் ஜீ.சி.எஸ்.ஈ. என்கிற பள்ளிப் பொதுச் சோதனை எடுக்க இருந்தவள். ஒன்றரை வருடத்துக்கு முன்னர்தான் தாயோடு லண்டன் வந்திருந்தாள். தகப்பன் யாழ்ப்பாணத்தில், பூட்டிவிட்டு வந்தால் வீடு பறிபோய்விடும் என்று தங்கிவிட்டார். வெளியே வருவதானால் இரவில் படகில் கடலேரியைக் கடக்கவேண்டும். சண்டையில் தரைப்பாதை மூடிக்கிடந்தது, வேறு பாதை இல்லை. தாயும் மகளும் அப்படித்தான் கடந்து வந்தவர்கள்.

அதைத்தான் அவள் விளையாட்டாக்கினாள். திரையின் கீழே இக்கரை, மேலே அக்கரை, நடுவில் கறுப்புத் தண்ணீர். ஒரு சின்னப் படகு. வெளிச்சம் அடித்துக்கொண்டு குறுக்கும் மறுக்கும் போகிற நேவி ரோந்துப் படகுகள். வெளிச்சம் பட்டால் முடிந்தது. விடிவதற்குள் அக்கரைக்குப் போய்ச் சேராவிட்டாலும் முடிந்தது. படகில் துவக்கு இல்லையா, திருப்பிச் சுடமாட்டீர்களா என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். ஒளிக்கத்தான் ஏலும் என்றாள். மூன்று உயிராவது கொடு, எல்லா விளையாட்டிலும் மூன்று உயிர் இருக்கிறது என்றார்கள்.

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "படகில போறவைக்கு ஆருக்கு மூண்டு உயிர் இருக்கு?" என்றாள்.

நான் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். விளையாட வருகிறவன் நீ நினைத்தபடி விளையாடமாட்டான். நீ கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்வான், அதற்கும் சேர்த்து எழுது. அவளிடமும் கேட்டேன், ஒருவர் புறப்படாமல் இக்கரையிலேயே நின்றால் என்ன செய்வாய் என்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போவதற்குத்தானே விளையாடுகிறது, ஆர் போகாமல் நிற்பினம் ரீச்சர் என்று கேட்டாள். சரி பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

தகப்பன் வரப்போகிறார் என்ற சந்தோஷத்தில் இருந்த பிள்ளை அது. இவர்களுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. இனித் தகப்பன் கொழும்புக்கு வந்தால் விசாவுக்கு நேர்முகம், அது முடிந்தால் பிளேன். வா என்று தாய் கொழும்பு உறவுக்காரர் மூலமாகத் தகவல் அனுப்பியிருந்தாள். அப்பா வந்ததும் முதலில் தன் விளையாட்டைத்தான் விளையாடவேண்டும், அதுவரை பெரியவர்கள் வேறு ஒருவரும் தொடக்கூடாது என்பது அவளுடைய சட்டம். அவர் இப்படிப் பெட்டி ஒன்றைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார், தடியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றே தெரியாமல் முழிப்பார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் எனக்கு டெலிபோன் வந்தது. கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் அவளுடைய தாய்மாமன். கடலேரி கடக்கும்போது நேவி சுட்டுப் படகுக்கு வெடி விழுந்துவிட்டது. தகப்பன் இல்லை. அங்கேயே தகனம் செய்துவிட்டார்களாம். பிள்ளைக்குத் தெரியாது, சோதனை முடியும்வரை தெரியவும் கூடாது, நீங்களும் வாய் தவறிச் சொல்லிவிடக்கூடாது என்றார். அதைச் சொல்லத்தான் டெலிபோன் எடுத்தாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சனங்களுக்கு இது ஒரு வழக்கம். பிள்ளை சோதனை எழுதவேண்டுமென்றால் வீட்டில் செத்தவரைக்கூட உயிரோடு வைத்திருப்பார்கள். சோதனை அடுத்த வருடமும் வரும், தகப்பன் செத்தது ஒருமுறைதானே, அழவேண்டிய நேரத்தில் அழவிடாமல் அப்படி என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். பிள்ளை பெற்றிருந்தால் உங்களுக்கு விளங்கியிருக்கும் என்றார் அவர். ரிசீவரை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது தாய் அதை வாங்கிவிட்டாள்.

"சொல்லிப்போடாதேங்கோ அக்கா," என்றாள். "சோதினை எண்டு அண்ணை சொல்லுறார். எனக்குச் சொல்ல வாய் வருகுதில்லை."

ஓம் என்றேன். வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன். ஒரு முறைகூடக் கண்டிராத மனிதருக்காக அப்படி அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு வந்த சனிக்கிழமைகள் பெரும் பாடு. அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடலேரி கடக்கிற ஆட்களை இப்போது மறித்து வைத்திருக்கிறார்களாம், அதனால்தான் அப்பா பிந்துகிறாராம். மாமா சொல்லியிருக்கிறார். அவள் அந்த நேரத்தைப் பயன்படுத்தி விளையாட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு முதல் தரம் கஷ்டமாக இருக்கும், ரோந்துப் படகுகளைக் கொஞ்சம் மெதுவாக்கவா என்று என்னிடம் கேட்டாள். ஆக்கு என்றேன். ஒரு வரியில் இருந்த எண்ணை மாற்றினாள், படகுகள் மெதுவாகின. இவ்வளவு சுலபமாக அது நடந்தது எனக்குத் தாங்கவில்லை. பின்பலகை ஆணியைப் பார்க்கிறேன் என்று பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்தியேட்டி ஒரு சனிக்கிழமையில் வந்தது. மாதம் ஒன்று கழிந்து, செத்தவரின் ஆத்மாவுக்குச் செய்து முடிக்கிற கிரியை. அதைச் செவன் கிங்ஸில் மாமன் வீட்டில் பிள்ளைக்குத் தெரியாமல் வைத்தார்கள். கடமையைச் செய்யவேண்டியவளே அவள்தான், அல்லது அவளுக்காக இன்னொருவர் தர்ப்பை போடும்போது பக்கத்திலாவது இருக்கவேண்டியவள். அவளைப் பின்னேரம்வரை வகுப்பில் வைத்திருக்கும்படி என்னைக் கேட்டார்கள். கலைவிழாவுக்கு இந்தப் பெட்டியை வைக்கப்போகிறோம், எல்லா விளையாட்டையும் இன்றைக்கு முழுவதுமாக ஆடிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் பிள்ளைகளை நிறுத்தினேன். எல்லோருக்கும் சாப்பிடப் பற்றிஸ் வாங்கிக் கொடுத்தேன். நான் காசு செலவழித்து வாங்கியதைப் பார்த்து அவர்களுக்கு ஒரே அதிசயம். அவள் அன்று நல்ல புழுகத்தில், சிரித்த முகமாய் இருந்தாள்.

இருட்டும் நேரம் தாய் கூட்டிப்போக வந்தாள். பேக்கரியில் ஓவர்டைம் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். மாசி மாதக் குளிரில் தலை ஈரமாக இருந்தது. கிரியை முடித்துத் தோய்ந்துவிட்டு, ரயிலும் பஸ்ஸும் மாறி ஓடி வந்திருக்கிறாள். நெற்றியில் சிவப்புப் பொட்டு. இனி வைக்கக்கூடாத பொட்டு. மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அதை ஒவ்வொரு காலையும் வைத்துக்கொண்டிருந்தாள் அந்த மனுசி. அன்றைக்கு ரயிலில் கண்ணாடி இல்லாமல் வைத்திருக்கவேண்டும்.

"அம்மா, பொட்டுக் கோணலாய்க் கிடக்கு," என்றாள் மகள். தன் விரலால் அதைத் தள்ளி நேராக வைத்துவிட்டாள். தாய் குழந்தைபோல முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கரும்பலகையை அழித்தேன். அதில் அழிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கலைவிழா பங்குனியில் நடந்தது. பரதநாட்டியமும் பேச்சும் முடிந்து தேநீருக்கு விட்டபோது எங்கள் பெட்டியை மண்டபத்து வாசல்பக்கம் நிறுத்தி வைத்திருந்தோம். பொடியள் பெட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முதலில் விண்வெளிக்காரர்கள் அமர்க்களப்பட்டார்கள். பிறகு அவளுடைய முறை வந்தது. அப்பாவுக்கு என்று வைத்த சட்டத்தை அன்று தளர்த்தியிருந்தாள். அப்பா வர எப்படியும் வெயில் காலம் ஆகிவிடும், அதற்குள் பெரியாட்கள் விளையாடினால் பிழைகள் தெரியவரும் என்று அவளே சொன்னாள். அது நான் படிப்பித்த பாடம்.

அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. முதலில் ஒருவரும் கிட்ட வரவில்லை. பிறகு பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்கிற ஒருவர் வந்து தடியைப் பிடித்தார். விளையாட்டு என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. வெளிச்சம் கிட்ட வரும்போதெல்லாம் தோளைக் குறுக்கினார். படகை அக்கரையில் சேர்த்தபோது வேர்த்துப்போயிருந்தது. அடுத்து ஒரு மனுசி, அதற்கடுத்து இன்னொருவர். ஒருவருமே சிரிக்கவில்லை, ஒருவரும் அவசரப்படவும் இல்லை. அவளுடைய படகைத் தங்கள் கையால் சாகவிடக்கூடாது என்று எல்லோரும் சொல்லி வைத்தமாதிரி விளையாடினார்கள். ஒரு படகுகூடத் தாழவில்லை. விளையாட்டு மிச்சம் லேசாய்ப் போச்சு ரீச்சர், ரோந்துப் படகுகளைத் திரும்ப வேகமாக்கவேணும் போல கிடக்கு என்று அவள் என் காதுக்குள் குறைப்பட்டாள்.

பிறகு தாயைப் பிடித்து இழுத்து வந்தாள். எனக்கு ஏலாது பிள்ளை, எனக்கு இதெல்லாம் தெரியாது என்று தாய் பின்வாங்கப் பின்வாங்க, கையை எடுத்துத் தடியில் வைத்துவிட்டாள். முன்னால் தள்ளினால் படகு போகும், வெளிச்சம் வந்தால் ஒதுங்கவேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தாள்.

தாய் தடியை முன்னால் தள்ளவில்லை. பின்னால் இழுத்தாள். படகு கரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இஞ்சால இல்லை அம்மா, அங்கால போகவேணும் என்றாள் மகள். தாய் இழுத்த பிடியை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துக்கொண்டு நின்றாள். வெளிச்சங்கள் நடுக்கடலில் சும்மா போய் வந்தன.

"நிக்கட்டும் பிள்ளை," என்றாள். "போகவேண்டாம்."

"போனாத்தானே அம்மா வந்து சேரலாம்."

"நான்தானே வா எண்டு சொன்னனான்," என்றாள் தாய். அவள் மகளோடு பேசவில்லை. திரையோடு பேசினாள். "நான்தானே வரச்சொன்னனான்."

பிள்ளை தாயைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற எங்களைப் பார்த்தாள். ஒருவரும் கண்ணைக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. பிறகு தாயின் நெற்றியை, அந்தப் பொட்டை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரையின் மேல் ஓரத்தில் கறுப்பு வெளிறத் தொடங்கியது. விடியப் போகிறது. அவள் எழுதிய கணக்கு எனக்கும் தெரியும். விடியும்போது படகு அக்கரையில் இருக்கிறதா என்று மட்டும்தான் அது கேட்கும். இல்லையென்றால், எங்கே நின்றாலும், இக்கரையில் பத்திரமாக நின்றாலும், படகு வெடித்துவிடும். போகாமல் நிற்கிற ஒருவரை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தாய்க்கு அது தெரியாது. கரையில் பிடித்து வைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் அவள் மூச்சை இழுத்துவிட்டாள். நான் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் பிள்ளை பெட்டிக்குப் பின்னால் குனிந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். திரை அணைந்துபோனது.

அதன் பிறகு அவள் தாயின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடியிலிருந்து எடுத்தாள். "காணும் அம்மா, போதும்," என்றாள். அப்போதுதான் தாய் வாய்விட்டு அழுதாள். மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஓடி வந்து இருவரையும் கட்டிக்கொண்டார்கள். இரண்டு மாதமாக அடக்கி வைத்த ஒப்பாரி அந்த வாசலில் வெளியே வந்தது. மாமன் தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை.

இரண்டு சனிக்கிழமை அவள் வரவில்லை. மூன்றாவது கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, கதவு திறக்கும்வரை குளிரில் நின்றிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. சோதனை எழுதத்தான் போகிறேன், எழுதாவிட்டால் மாமா தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார் என்று சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அது வராது. கம்ப்யூட்டரைப் போட்டுக் கதிரையை இழுத்து வைத்தேன்.

"அம்மா ஒரு பிழை கண்டுபிடிச்சவா ரீச்சர்," என்றாள். "அதைத் திருத்தவேணும்."

தன் வரிகளை மேலிருந்து கீழே பார்த்து, விடிகிற இடத்துக்கு வந்தாள். அங்கே புதிதாக ஒரு கேள்வி எழுதினாள், படகு இக்கரையில் நிற்கிறதா என்று. நின்றால் என்ன நடக்கவேண்டும் என்று எழுதுகிற இடத்தில் அவள் கை நின்றுவிட்டது. ஏதாவது வசனம் போடலாமா, அக்கரைக்குப் போனால் வருகிற பாட்டைப் போடலாமா என்று நான்தான் கேட்டேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

எழுதி முடித்து, தடியை என்னிடம் தந்தாள். நான் அவளுடைய தாய் பிடித்தமாதிரியே பின்னால் இழுத்துப் பிடித்தேன். படகு கரையில் நின்றது. திரையின் மேற்புறம் வெளிறியது, தண்ணீர் கறுப்பிலிருந்து நீலத்துக்கு வந்தது, ரோந்துப் படகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே நின்றது. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை ரீச்சர்," என்றாள். "விடிஞ்சாக் காணும்."

நான் தடியை விடவில்லை. மற்றப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வரும்வரை, அவளும் நானும் அந்தப் படகைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.